வள்ளி யாரோடு போனாள்?

ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃபைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கட்டுரை நான் கேளாமலே பெருந்துறைப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காக வருந்தவில்லை.

1957ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், ஒன்பது கறுப்பின மாணவர்கள் லிட்டில் ராக் பள்ளிக்குள் நுழையாதபடி படைவீரர்களை நிறுத்தினார். அந்த ஆளுநரை எள்ளி நகையாடிச் சார்லஸ் மிங்கஸ் ஒரு பாடலை அமைத்தார். 1959ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் இசை மட்டும் இருந்தது, சொற்கள் இல்லை. மறு ஆண்டே காண்டிட் என்ற சிறு நிறுவனத்தில் அதே பாடல் சொற்களோடு பதிவாயிற்று. அங்கே பதிவுகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் ஹென்டாஃப். ஐம்பதாண்டுக் காலம் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய அவர், டிரம்ஸ் ஒலியையும் நீதிமன்றத் தீர்ப்பையும் ஒரே பேனாவால் எழுதினார். அவருடைய அரசியல் முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஓர் இசையின் பொருள் என்ன என்று சொல்லும் பொறுப்பை ஒலிபெருக்கி வைத்திருப்பவனிடம் அவர் விட்டுவிடவில்லை.

நாம் விட்டுவிட்டோம். கொங்கு நாட்டின் வள்ளி கும்மியைச் சொல்கிறேன்.

வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்க, வட்டமாய் நிற்பவர்கள் வாங்கிப் பாட, சலங்கைக் காலும் கைத்தட்டும் ஒன்றாய் விழ, மணிக்கணக்கில் நீளும் ஆட்டம் அது. ஒருவர் விட்ட இடத்தில் கூட்டம் தொடங்கும் அந்தக் கேள்வி-பதில் முறையை நியூ ஆர்லியன்ஸில் கேட்டால் நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆண்களின் ஆட்டமாக இருந்ததில் பெண்களைப் பயிற்றுவித்துக் கொண்டுவந்தவர் கோவை வட்டாரத்து எம்.பத்ரப்பன். 87 வயதில், 2024ல், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பெருந்துறையில் ஓர் அரசியல் கட்சியின் மாநாட்டில் பல்லாயிரம் பெண்கள் ஒன்றாகக் கும்மியடித்தார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் வெளியே மேடையறியாத பெண்கள் சலங்கை கட்டி நின்றது சிறிய செய்தியல்ல. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அதே ஆண்டில் பரவிய இன்னொரு காணொளியையும் பார்த்தோம். கும்மி பயின்ற பெண்களிடம், சொந்தச் சாதியில்தான் மணம் செய்துகொள்வோம் என்று சத்தியம் வாங்குகிறார்கள்!

எந்தக் கதையை ஆடிவிட்டு? வள்ளி குறவர் குடியில் வளர்ந்தவள். தினைப்புனம் காத்தவளைத் தேடி முருகன் வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வருகிறான். யாரும் பெண் கேட்டுப் போகவில்லை. இருவரும் இரவோடிரவாகப் போய்விடுகிறார்கள். கச்சியப்பரின் கந்தபுராணத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பன் நம்பியும் அவன் ஆட்களும் வில்லேந்தித் துரத்துகிறார்கள், அம்பு விடுகிறார்கள். முருகனின் சேவல் கூவ, துரத்தியவர்கள் மாண்டு விழுகிறார்கள். அவர்களை உயிர்ப்பிப்பவள் வள்ளி. அதன் பிறகுதான் ஊரறியத் திருமணம்.

ஓடிப்போன மகளை ஆயுதத்தோடு துரத்தும் சுற்றத்தார்! கொங்கு மண்ணில் இக்காட்சிக்கு உரை எழுதவும் வேண்டுமா? 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழியோடு போன கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022ல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; முதல் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். உமையைப் பாதியாகக் கொண்ட அர்த்தநாரீசுவரர் குடியிருக்கும் ஊர் அது.

"அது தெய்வக் காதல், மனிதருக்குப் பொருந்தாது" என்பார்கள். அப்படியானால் அந்தத் தெய்வத்தின் பெயரால் மனிதப் பெண்களிடம் சத்தியம் மட்டும் எப்படி வாங்குகிறீர்கள்? "கலைக்குள் அரசியலைக் கொண்டுவராதே" என்பது அடுத்த வாதம். சத்தியம் வாங்கியவர் கொண்டுவந்தது என்னவாம்? தாளக் கணக்கா?

என் கோபம் அவர்கள்மீது மட்டுமல்ல. 2024 மார்ச்சில் டி.எம்.கிருஷ்ணாவுக்கு மியூசிக் அகாதமி விருது அறிவித்ததும் நம் சிற்றிதழ்க்காரர்கள் (நானும்தான்) சபா அரசியலைப் பிரித்து மேய்ந்தோம். மயிலாப்பூரில் ஒருவர் கச்சேரியை ரத்து செய்தால் நமக்கு உறக்கம் போய்விடுகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஊருக்கு ஊர் நடக்கும் ஒரு இசையைக் கேட்டு, அதன் மெட்டு எது, இடைச்செருகல் எது, வாத்தியார் எந்தப் பகுதியை விட்டுத் தாண்டுகிறார் என்று எழுத நம்மில் ஆளில்லை. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் தொகுப்புகளைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கின்றன. விமர்சகன் வராத பந்தலில் வட்டச் செயலாளர் விமர்சகராகிவிடுகிறார்.

அடுத்த முறை உங்கள் ஊரில் கும்மி நடந்தால் போய் உட்காருங்கள். முழுவதும் கேளுங்கள். நம்பியின் துரத்தல் பாடப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஆட்டம் முடிந்ததும் வாத்தியாரிடம் போய், "அந்த இடத்தை ஏனுங்க விட்டுட்டீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதுங்கள்.