2021 இல் தோற்றது வேப்பமரமா?



கொச்சிக்காயில் அழுக்கணவன் பிடித்தால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள் என்று சொன்னால், எங்கட ஊரில் ஒரே பதில்தான்: "இயற்கை என்று சொல்லித்தானே சேர் 2021 இல் நாடே நாசமாப் போச்சு!"

2021 மே மாதம் நடந்தது என்ன? ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்துக்கும் நாசினிக்கும் இறக்குமதித் தடை. விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை, போதிய மாற்றும் இல்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த அவசரத்தின் பழியை ஏன் வேப்பமரத்தின் தலையில் போடுகிறீர்கள்?

அழுக்கணவன் சோடி சேராமலே குட்டி போடும். சூடான காலநிலையில் அந்தக் குட்டி ஒரு வாரமளவில் தானும் குட்டி போடும். சாற்றை உறிஞ்சுவதோடு வைரஸையும் செடிக்குச் செடி கடத்தும். பயம் நியாயம்தான். ஆனால் பயந்து கடைக்கு ஓடி, இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தால், அழுக்கணவனைத் தின்கிற பொறிவண்டும் சேர்ந்து சாகிறது. தப்பிய அழுக்கணவன் மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை இன்னும் கடும் மருந்து. இதில் இலாபம் யாருக்கு?

வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து வடியுங்கள். 16 லீற்றர் தாங்கிக்கு 800 கிராம். கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். இதிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். பூச்சி உடனே விழாது. தீனி குறையும், தோலுரித்து வளர முடியாமல் போகும். ஒரு வாரத்தில் திரும்ப அடிக்க வேண்டும். இதெல்லாம் தொடக்கத்திலேயே செய்தால்தான். தோட்டம் முழுக்கச் சுருண்ட பிறகு விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இயற்கை என்றால் ஆபத்தே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புகையிலைச் சாற்றிலுள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. அதை அடிக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, கசப்பான விஷயம். வீட்டுக்கு மருந்தடிக்காத தனிப் பாத்தி. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு நேற்று மருந்தடித்து இன்று ஆய்ந்த கொச்சிக்காய். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள் எங்கள் நபி (ஸல்) அவர்கள். ஈரத்துக்கே அந்தக் கண்டிப்பு என்றால் நஞ்சுக்கு?

அடுத்த போகத்தில் இரண்டு வரிசையிலாவது செய்து பாருங்கள். மருந்தே அடித்தாலும், போத்தலில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியாமல் ஆயாதீர்கள். சாப்பிடுவது யாரோ பெற்ற பிள்ளை.