கண்ணாடிக்குப் பின்னே: கொடையா, வெட்டியா?

கூலி பெறாத உழைப்புக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. உவந்து தந்தால் கொடை. தந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் தந்தால் வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது குடிமக்கள் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. பயனற்ற செயலை இன்று நாம் 'வெட்டி வேலை' என்கிறோம். உழைத்தவனுக்குப் பயன் தராத உழைப்பு என்ற பழைய கசப்பு அச்சொல்லில் இன்னும் தங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'தன்னார்வலர்' என்னும் புதுச்சொல் இவ்விரண்டில் எதன் வாரிசு? பொதுமக்களுக்கெனப் புதிதாக எழுப்பப்படும் மீன் காட்சியகம் ஒன்றில், கதவுகள் திறக்கப்படுமுன் பின்கூடத்தில் நடைபெறும் ஊதியமற்ற பணியை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறேன்.

திறப்பு விழா நாளன்று நாடா வெட்டப்படும்போது காட்சியகம் பிறக்கிறது என்று பார்வையாளர் எண்ணுகிறார். உண்மையில் அன்றைக்குள் அது பல மாத வாழ்வை வாழ்ந்து முடித்திருக்கும். முதற்கவலை நீர். 1930-இல் சிகாகோவில் திறக்கப்பட்ட ஷெட் காட்சியகம் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ளது. அதற்கெனப் பத்து லட்சம் கேலன் கடல்நீர் புளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து ரயில் தொட்டி வண்டிகளில் கொண்டுவரப்பட்டது. 2005-இல் அட்லாண்டாவில் திறக்கப்பட்ட ஜார்ஜியா காட்சியகமும் உள்நாட்டு நகரத்தில் அமைந்ததே. அங்குக் குழாய் நீரில் உப்புக் கலவையைக் கரைத்துக் கடலையே செய்துகொண்டார்கள்.

நீர் வந்துவிட்டால் மீனை விட்டுவிடலாம் என்பதில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிகளில் குடியேறிப் பெருகவேண்டும். புதுத் தொட்டியில் இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களில் கண்ணாடிக்கு அப்பால் காண்பதற்கு ஒன்றுமே இராது. தெளிந்த நீரும் வெறும் பாறையும்தான். ஆனால் ஒருவர் நாள்தோறும் குடுவையில் நீரெடுத்துச் சோதித்து எண்களைக் குறிக்கிறார். அந்த எண்கள் இறங்கும்வரை எவரும் அவசரப்படக் கூடாது. வந்து சேரும் உயிர்களும் நேரே காட்சித் தொட்டிக்குச் செல்வதில்லை. ஒட்டுண்ணிகள் பரவாதிருக்க முதலில் அவற்றைத் தனித் தொட்டிகளில் வைத்துப் பல நாள் கவனிக்கவேண்டும். உறைந்த மீன்களை உருக்கி, நறுக்கி, எடைபோட்டு, உறைநிலையில் இழக்கப்படும் பி1 போன்ற உயிர்ச்சத்துகளைச் சேர்த்து உணவு ஆயத்தம் செய்யவேண்டும். பிறகு கத்தியும் பலகையும் வாளியும் கழுவப்படவேண்டும். மீண்டும் கழுவப்படவேண்டும். பின்கூடத் தன்னார்வலரின் பெரும்பொழுது இந்தக் கழுவுதலிலேயே கழிகிறது.

இத்தகைய உழைப்பின் பொருளை உணர எனக்கு மிகவும் உதவுவது கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாக் காட்சியகம். 1984 அக்டோபர் 20 அன்று அது திறக்கப்பட்டது. டேவிட் பேக்கார்ட், லூசில் பேக்கார்ட் இணையரின் கொடைப்பணத்தில் எழுந்த நிறுவனம் அது. அதன் நடுநாயகம் 28 அடி உயரமுள்ள, பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு தொட்டி. கெல்ப் எனப்படும் மாபெருங் கடற்பாசி அதில் காடாக வளர்கிறது. அசையாத நீரில் கெல்ப் வாழாது. இலைகளை நீர் உரசிச் செல்லும்போதுதான் அது சத்தை உறிஞ்சுகிறது. எனவே அலையெழுப்பும் பொறியொன்று வேண்டியிருந்தது. அதனை வடிவமைப்பதில் பொறியாளரான பேக்கார்ட் தாமே ஈடுபட்டார். பகலில், பார்வையாளர் கண்ணுக்குத் தெளிவாக இருக்க, வடிகட்டிய கடல்நீர் பாய்கிறது. இரவில் வடிகட்டாத நீர் உள்ளே விடப்படுகிறது. அந்தக் கலங்கல் நீரில் வரும் கண்ணுக்குத் தெரியாத இளவுயிர்கள் பாறைகளில் ஒட்டிக்கொண்டு, அழைப்பின்றியே அங்கு வளர்ந்துவிடுகின்றன. காட்சியின் ஒரு பகுதியை எவரும் பாராத இரவே செய்து தருகிறது.

தொடக்கம் முதலே இந்நிறுவனம் தன்னார்வலரைச் சார்ந்தது. திறப்புக்கு முன்பே வழிகாட்டிகளாக வர விரும்பியோருக்குக் கடலியல் பயிற்றுவிக்கப்பட்டது. கெல்ப் தொட்டியினுள் இறங்கிக் கண்ணாடியைத் துடைக்கும், மீன்களுக்கு உணவூட்டும் முக்குளிப்போரிலும் தன்னார்வலர் உண்டு.

இங்கே வரலாறு ஒரு முரணை வைத்திருக்கிறது. இக்காட்சியகம் நிற்கும் இடம் ஹோவ்டன் மத்திமீன் ஆலை இருந்த இடம். ஜான் ஸ்டைன்பெக் 1945-இல் வெளியிட்ட 'கேனரி ரோ' நாவலால் புகழ்பெற்ற தெரு அது. படகுகள் மீனோடு கரை சேர்ந்ததும் ஒவ்வோர் ஆலையும் தனக்கேயுரிய ஊதலை ஒலிக்கும். எந்நேரமாயினும் தொழிலாளர் எழுந்து வரவேண்டும். அவர்களில் பெண்கள் ஏராளம்; பல நாடுகளிலிருந்து குடியேறியோர் ஏராளம். 1940-களின் பிற்பகுதியில் மத்தி வளம் சரிந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒருகாலத்தில் கூலிக்கு மீன் வெட்டிய அதே மனையில், பின்னொரு தலைமுறை கூலியின்றி, மகிழ்ச்சியோடு மீன் வெட்டுகிறது. கையில் படியும் நாற்றம் ஒன்றுதான். முன்னவருக்கு ஊதல் ஒலித்தது, பின்னவருக்கு ஒலிப்பதில்லை. கொடைக்கும் வெட்டிக்கும் இடையிலுள்ள கோடு இதுதான் என்பது என் கருத்து.

தன்னார்வப் பணியை நான் சிறுமைப்படுத்துவதாக நண்பர்கள் எண்ணவேண்டா. அதற்கு ஆதரவான வலிய வாதத்தை அதே தெருவே தருகிறது. எட் ரிக்கெட்ஸ் அங்குதான் தம் சிறிய ஆய்வுக்கூடத்தை நடத்தினார். பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேறியவர் அவர். ஆயினும் 1939-இல் ஜாக் கால்வினுடன் இணைந்து அவர் எழுதிய 'பிட்வீன் பசிபிக் டைட்ஸ்' கடலோர உயிரியலில் அடிப்படை நூலாக நிலைத்தது. அறிவு பட்டச்சான்றிதழ் வழியே மட்டும் வருவதன்று. ஈரத்தில் கைவைத்தவனுக்கும் வரும். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும், ஒரு தச்சரும், ஓர் இல்லத்தரசியும் பின்கூடத்துக்குள் நுழைந்து ஆழ்கடலின் இலக்கணத்தைக் கற்கும் வாயில் தன்னார்வப் பணியே. அந்த வாயிலை மூடுவது அறிவை மீண்டும் சிலரது கைக்குள் ஒப்படைப்பதாகும்.

ஆனால் அதே வாயில் வேறு சிலருக்குச் சுங்கச்சாவடி ஆகிவிடுகிறது. உயிர்க்காட்சித் துறைகளில் வேலை தேடும் இளைஞரிடம் முன்னனுபவம் கேட்கப்படுகிறது. அவ்வனுபவத்தைப் பெறும் வழியோ பெரும்பாலும் ஊதியமற்ற மாதங்கள். பெற்றோர் வாடகை செலுத்தும் இளைஞன் அந்த மாதங்களைத் தரமுடியும். மாலையில் கடையில் நின்றால்தான் சோறு என்ற நிலையிலுள்ளவள் தரமுடியாது. இருவருக்கும் ஆர்வம் சமமே. எனினும் தன்னார்வம் என்ற பெயரால் ஒருவர் உள்ளே செல்ல, மற்றவர் வெளியே நின்றுவிடுகிறார். அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் இலாப நோக்குடைய தனியார் நிறுவனங்கள் தன்னார்வ உழைப்பைப் பெறுவதை அனுமதிப்பதில்லை. இலாப நோக்கற்றவற்றுக்கே அந்த உரிமை. நல்ல வேலிதான். ஆனால் இலாபம் நோக்காத நிறுவனமும் செலவைச் சுருக்க நோக்கும் என்பதை அவ்வேலி தடுக்காது.

உவந்து செய்த உழைப்பு கட்டாயமாகத் திரிவது நமக்குப் புதிதன்று. ஏரி குளங்களை ஊரார் கூடிப் பேணிய குடிமராமத்து வழக்கத்தை, 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அரசாணையின் கீழ்க் கொண்டுவந்தது. தம் ஊர் நீரைத் தாம் காத்தவர்கள், சட்டத்துக்கு அஞ்சி மண்வெட்டி எடுக்கவேண்டியவராயினர். கல்லூரி ஆசிரியர்கள் இன்னொன்றும் அறிவர். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் பணியாற்றவேண்டும். பதிவேட்டில் மணிகள் நிறைகின்றன; மனம் நிறைந்ததா என்பதற்கு அங்குக் கட்டமில்லை. அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில்லாத இடத்தில்தான் வெட்டி தழைக்கிறது.

புதிய காட்சியகம் ஒன்றை எழுப்புவோரிடம் நான் வேண்டுவன மூன்று. உயிர்காக்கும் பொறுப்பு ஊதியம் பெறுபவரிடமே இருக்கட்டும். நீர்ச்சோதனையில் தன்னார்வலர் உதவலாம். நள்ளிரவில் எக்கி நின்றுவிட்டால் ஓடிவரவேண்டியவர் அவராக இருக்கலாகாது. அடுத்து, வேலைக்கு வேண்டிய அனுபவத்தை ஊதியத்தோடு பெறச் சில இடங்களேனும் ஏழை இளைஞருக்கென ஒதுக்கப்படட்டும். இறுதியாக, திறப்புக்கு முன் உழைத்தவரின் பெயர்கள் கொடையாளர் பெயர்கள் பொறித்த அதே சுவரில், அதே அளவு எழுத்தில் இடம்பெறட்டும். பணம் தந்தவர் கொடையாளர் என்றால் பொழுது தந்தவரும் கொடையாளரே.

முதல் வேண்டுகோள் வெறும் கற்பனை அச்சத்தில் பிறந்ததன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மாண்டரே காட்சியகம் மூடப்பட்டது. 2021 மே மாதந்தான் பொதுமக்களுக்கு மீண்டும் திறந்தது. அந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலமும் பார்வைக்கூடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பின்கூடம் ஒருநாளும் மூடவில்லை, மூடவும் இயலாது. மீனுக்கு ஊரடங்கு தெரியாது. அத்தகைய நாள்களில் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கும் தொட்டி என்னவாகும்?

ஆகவே கொடையையும் வெட்டியையும் பிரித்தறிய நான் முன்வைக்கும் சோதனை எளியது. பின்கூடத்தில் வாளி கழுவும் தன்னார்வலர், "நாளை முதல் நான் வரமாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அச்சொல்லால் எந்த மீனும் சாகாமல், அவருடைய எதிர்காலமும் கெடாமல் இருக்குமானால் அவர் தந்தது கொடை. இரண்டில் ஒன்று நிகழுமானால், நாம் எத்தனை அழகிய பெயரிட்டு அழைத்தாலும், கல்வெட்டுக்காரன் அதற்கு வைத்த பழம்பெயரே பொருந்தும்.