உவமை நம் கண்ணில் பிறக்கட்டும்



குறுந்தொகைப் புலவர்களின் பட்டியலில் சில பெயர்கள் நம்மை வியப்பில் ஆழ்த்தும். செம்புலப்பெயல்நீரார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் என்பன அவற்றுட் சில. பெற்றோர் எவரும் தம் குழந்தைக்கு இவ்வாறு பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். இப்புலவர்களின் இயற்பெயர்கள் மறைந்து போயின. ஆதலால் அவர்தம் பாடல்களில் ஒளிர்ந்த உவமைத் தொடர்களே அவர்களுக்குப் பெயர்களாயின. ஊரும் குலமும் இயற்பெயரும் மறைந்த பின்னரும், அவர்கள் கண்டு சொன்ன ஓர் உவமை மட்டும் நிலைத்து நிற்கிறது.

அவர்களுள் இருவரை ஒப்பிட்டுப் பார்ப்போம். குறுந்தொகையின் 54ஆம் பாடலில் ஒரு காட்டு யானை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனம் காப்போரின் கவண் ஒலி கேட்டு அஞ்சி அதனைக் கைவிடுகிறது. மூங்கில் விசையுடன் மேலெழுகிறது. மீன் சிக்கியதும் மேலே இழுக்கப்படும் தூண்டிற்கோல் அப்புலவரின் நினைவுக்கு வந்தது. அவர் மீனெறி தூண்டிலார் ஆனார். 74ஆம் பாடலிலும் வானளாவ நிமிரும் பசுமூங்கில் வருகிறது. அதனைப் பாடியவருக்கோ, அவிழ்த்துவிட்ட குதிரையின் பாய்ச்சல் தோன்றியது. அவர் விட்ட குதிரையார் ஆனார். காட்சி ஒன்றே; கண்கள் வேறு. ஒருவர் மற்றவரின் உவமையை எடுத்துக்கொள்ளவில்லை. தத்தம் வாழ்க்கையில் கண்டதையே இருவரும் பாட்டில் வைத்தனர்.

அணியிலக்கணத்தை நாம் எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்கு இதுவே வழிகாட்டி என்பது என் கருத்து. அணியின் பெயர், இலக்கணம், சான்று, விளக்கம் என்ற வரிசையில் மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கிவைப்பது அணியைக் கற்பதாகாது. உற்று நோக்குதலே முதற்பாடம். பெயர் சூட்டுதல் அதன்பின் வருவது.

நம் இலக்கண நூல்களும் இதனையே உணர்த்துகின்றன. தண்டியலங்காரத்தின் பொருளணியியல் 35 அணிகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலில் நிற்பது உவமையன்று; தன்மையணி. ஒரு பொருளின் இயல்பை உள்ளது உள்ளவாறே சொல்வது அது. அதன்பின்னரே உவமையும் உருவகமும் வருகின்றன. ஒன்றை உள்ளபடி காணத் தெரியாதவர் அதனை வேறொன்றோடு ஒப்பிட இயலுமா?

தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு அடிப்படைகளைச் சுட்டுகிறார். செயலால் ஒத்தல், விளையும் பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பன அவை. இவை நான்கும் மனப்பாடத்திற்குரிய சொற்கள் அல்ல. கண்ணுக்குத் தரப்பட்ட நான்கு வினாக்கள். இது எதைப் போல இயங்குகிறது? எதைப் போலப் பயன் தருகிறது? எதன் வடிவில் இருக்கிறது? எதன் நிறத்தில் இருக்கிறது?

"நாங்கள் வாழ்வது தில்லியில். குறிஞ்சி மலையையும் நெய்தற் கடலையும் எங்கே காண்போம்?" என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், தமிழ் உவமைக்குத் தமிழ்நாட்டு மண் மட்டுமே உரியது என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. மேலும், தில்லி நம் பாட்டுலகிற்கு முற்றிலும் அயலானதும் அன்று. மே, சூன் மாதங்களில் தில்லிச் சாலைகளில் மஞ்சள் சரங்களாகத் தொங்கும் 'அமல்தாஸ்' எது? சங்கப் பாடல்கள் கார்காலத்தின் அறிகுறியாகப் பாடிய கொன்றையே அது. குளிர் விலகும்போது இலையுதிர்த்த கிளைகளில் செந்நிறப் பூக்களை ஏந்தும் 'சேமல்' நம் இலவ மரம். இந்தியில் அறிந்த மரத்தைத் தமிழிலும் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். ஒரு பழம்பாட்டின் கதவு திறக்கும்.

இனி, இந்நகரையே உவமையாக்குவோம். சனவரி மாதக் காலையில் பனிமூட்டத்தினுள் கட்டடங்கள் மங்கித் தெரிகின்றன. 'அழிப்பானால் பாதி அழித்த ஓவியம் போல நகரம் தோன்றியது' என்றால் அது உவமை. பனியையே திரையாக்கிப் 'பனித்திரை விலகியது' என்றால் உருவகம். ஊருக்குச் செல்லும் தொடர்வண்டி பனியால் தாமதமாகிறது. 'இன்னும் சற்றுநேரம் எங்களோடு இருங்கள் என்று பனி வண்டியை மறித்து நின்றது' என்றால், இயல்பாக நிகழ்ந்ததன் மேல் நம் குறிப்பை ஏற்றிச் சொல்கிறோம், அது தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகும்போது, காற்றில் அசைந்த மதிற்கொடிகள் 'வர வேண்டா' எனக் கைகாட்டியதாக இளங்கோவடிகள் பாடியதும் இவ்வணியே. மூன்று அணிகளும் ஒரே பனிக்காலையில் கிடைத்துவிட்டன அல்லவா?

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தி வகுப்பில் உபமா, ரூபக், உத்பிரேக்ஷா எனப் படிக்கிறீர்கள். அவையே இங்கு உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம். தண்டியலங்காரமே வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த நூலாதலால் இவ்வுறவு வியப்பன்று. அதேவேளையில், நிலத்தையும் பூவையும் பறவையையும் சொல்லி மனித மனத்தை மறைவாக உணர்த்தும் உள்ளுறை உவமம் தமிழ்த் திணை மரபு வளர்த்தெடுத்த செல்வம். இரண்டு மொழிகளையும் அறிந்த உங்களால் ஒன்றின் துணையால் மற்றொன்றைத் தெளிவாகக் காண முடியும்.

"தேர்வில் அணியின் பெயரையும் இலக்கணத்தையும்தானே கேட்கிறார்கள்?" என்போரும் உளர். உண்மைதான். அவற்றைப் பிழையின்றி எழுதத்தான் வேண்டும். மரபான உவமைகளையும் கற்றேயாக வேண்டும். இல்லையெனில் பழம்பாடல்கள் நமக்கு விளங்கா. ஆயினும், 'தாமரை போன்ற முகம்' என்று எழுதும் பிள்ளை ஒருமுறையேனும் தாமரையை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். பாராமல் எழுதும் உவமை இரவல் நகை. அணிந்தவருக்கு அழகு தருவதன்று.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மதிப்பெண் மட்டுமன்று. பிறந்த மண்ணைவிட்டு வெளியே வளரும் பிள்ளைகளிடம் தாய்மொழி மெல்லச் சுருங்குகிறது. "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்னும் வீட்டுப் பேச்சோடு அது நின்றுவிடும் அபாயம் உண்டு. காண்பதையும் எண்ணுவதையும் ஒரு மொழியில் சொல்லத் தொடங்கும்போதுதான் அம்மொழி நமக்கு உரிமையாகிறது. மெட்ரோ வண்டியையும் யமுனையையும் கோடையின் அனற்காற்றையும் தமிழில் உவமிக்கும் பிள்ளைக்குத் தமிழ் தாத்தா பாட்டியின் மொழியாக மட்டும் இராது; தன் மொழியாகவும் இருக்கும். தூண்டிலையும் குதிரையையும் கண்டவர்கள் அவற்றைத் தந்தார்கள். நீங்கள் கண்டதை நீங்கள் தாருங்கள்.

செய்து பார்ப்போம்

1. பள்ளிக்கு வரும் வழியில் கண்ட ஒரு பொருளை, ஒப்புமை ஏதுமின்றி, உள்ளபடி மூன்று தொடர்களில் எழுதுக.
2. அப்பொருளுக்கு வினை, பயன், மெய், உரு ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டின் அடிப்படையில் உவமை அமைக்க.
3. உம் உவமைத்தொடரிலிருந்து உமக்கு ஒரு புலவர் பெயர் சூட்டுக.