பிள்ளையும் பெற்றவரும் ஒரே திரையின் முன்

பெங்களூர் வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சனிக்கிழமை மாலை வந்துவிட்டால், வாரத்தின் ஐந்து நாட்களை அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் சாலை நெரிசலுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் களைத்த குடும்பம் ஒரே சோபாவில் கூடி அமர்ந்து, எந்தப் படத்தைப் பார்ப்பது என்ற விவாதத்திலேயே பொழுதின் பெரும்பகுதியைக் கழித்து, முடிவில் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் தத்தம் கைப்பேசியில் மூழ்கிவிடுவது சர்வசாதாரணமான காட்சி. இதைச் சண்டை என்று யாரும் சொல்வதில்லை. சமாதானம் என்றே எண்ணி நிம்மதி அடைகிறார்கள். எனக்கோ, சண்டையைக் காட்டிலும் இந்தச் சமாதானமே அதிகக் கவலையைத் தருகிறது.

சிறுவர்களுக்கென்று ஒரு கலை, பெரியவர்களுக்கென்று வேறொரு கலை என்று வேலியிட்டுப் பிரிக்கும் வழக்கம் நம்மிடையே நேற்று வந்தது. தெருக்கூத்து நடந்த ஊர்ப் பொதுவிடத்தில், பாட்டியின் மடியில் கிடந்த குழந்தையும், அந்தப் பாட்டியும், வயல் வேலை முடித்து வந்த தகப்பனும் ஒரே கூத்தைத்தான் விடிய விடியப் பார்த்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் தடுக்கி விழுந்தபோது குழந்தை சிரித்தது, அவனே அடுத்த மூச்சில் ஊர்ப் பெரிய மனிதரை ஜாடையாகக் குத்தியபோது தகப்பன் சிரித்தான், ராஜாவின் துக்கத்திற்குப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலையில் விழுந்த பதார்த்தம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும் பந்தி ஒன்றாகவே இருந்தது. ஆகவே, பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கத்தக்க படம் எது என்று என்னைக் கேட்பவர்களிடம், ஒரே காட்சியில் ஆறு வயதுக் குழந்தையும் நாற்பது வயதுப் பெரியவரும் வெவ்வேறு காரணங்களுக்காகக் கண்ணை எடுக்க முடியாமல் அமர்ந்திருக்கும்படி செய்வது எதுவோ அதுவே என்றுதான் சொல்லிவருகிறேன்.

இதற்குத் தமிழில் தலைசிறந்த உதாரணம், 1957-இல் விஜயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்து வெளியிட்ட 'மாயா பஜார்'. கே.வி. ரெட்டி இயக்கிய அப்படம் மகாபாரதச் சார்புடையதாயினும் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூட அதில் தலைகாட்டுவதில்லை. பாரதப் போரும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கல்யாணக் குழப்பம். தம் மகள் வத்ஸலாவை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாகப் பலராமர் சொல்லியிருந்த வாக்கு, பாண்டவர்கள் நாடிழந்து காட்டுக்குப் போனவுடன் செல்லாக்காசாகிவிட, துரியோதனன் மகன் லக்ஷ்மணகுமாரனுக்கு அவளை மணம் செய்விக்க ஏற்பாடு நடக்கிறது. கிருஷ்ணனின் யுக்தியினால் கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு அந்தப்புரத்தில் புகுந்துவிடுகிறான். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன், பிள்ளை வீட்டாருக்கென்று சமைத்து வைத்த விருந்து முழுவதையும் தனியொருவனாக உட்கார்ந்து காலிசெய்யும் காட்சியில், பலகாரங்கள் தாமாகவே பறந்து அவன் வாயில் சென்று விழுவதைக் கண்டு சிரிக்காத குழந்தையை நான் இதுவரையில் கண்டதில்லை.

பெரியவர்களுக்குரிய பங்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெண்ணுருவில் ஒளிந்திருக்கும் ராட்சசனாக நடிக்கும் சாவித்திரி, நாணிக் கோணி நிற்கவேண்டிய மணமகளின் நடையில் திடீரென்று ஒரு வீரனின் மிடுக்கைக் கலந்து, மறுகணமே சமாளித்துக்கொண்டு, மீண்டும் தன்னை மறந்துவிடும் அந்த நுணுக்கத்தை அனுபவிக்க வயதும் சற்று வேண்டும். மணவறையில் மாப்பிள்ளையின் காலை அவள் மிதிக்க, லக்ஷ்மணகுமாரனாக வரும் தங்கவேலு செய்வதறியாது விழிக்கும்போது குழந்தை சிரிப்பது காலுக்காக. நாம் சிரிப்பது அந்த முகத்திற்காக. செல்வம் போனவுடன் சம்பந்தியின் குரல் மாறிவிடும் விஷயத்தில், துவாரகைக்கும் நம்முடைய வீடுகளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பதையும் பெற்றோர் கவனியாமல் இருக்கமாட்டார்கள். அப்படத்தின் மாயக் காட்சிகளையெல்லாம் கணினியின் துணையின்றிக் காமிராவுக்குள்ளேயே நிகழ்த்திக் காட்டிய ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ஓர் ஆங்கிலோ இந்தியர். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் அளித்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கென்று உருவான குடியேற்றமே வைட்ஃபீல்ட் ஆகையால், இந்த ஊர்க்காரர்களுக்கு பார்ட்லியின் பெயரின்மேல் சற்றே கூடுதலான உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்களே என்று சொல்வார்கள். படம் மூன்று மணி நேரத்தை நெருங்குவதும் மெய்தான். ஆனால் ஒரு படத்தை முதல் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பெரியவர்களின் மூடநம்பிக்கை. விருந்துக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்; அந்த ராட்சசன் யார், எங்கிருந்து வந்தான், ஏன் பெண் வேஷம் போட்டான் என்று குழந்தையே கேட்கும்; அப்போது பின்னோக்கிப் போனால் போதும். ஒரு வாரத்தில் பாதியும் மறுவாரத்தில் பாதியுமாகப் பார்த்தால் தெய்வக் குற்றம் ஒன்றும் நேர்ந்துவிடாது.

பிள்ளைகளுக்கென்று தனியாகக் கார்ட்டூனை ஒதுக்கிவிடுவதற்கு நேர்மாறான பிசகு ஒன்றும் நம்மிடம் உண்டு. பெற்றோருக்கு அபிமானமான நட்சத்திரத்தின் படம் என்றால் அது தானாகவே குடும்பப் படம் ஆகிவிடுகிறது. வெட்டும் குத்தும் எவ்வளவு மலிந்திருந்தாலும், கைக்குழந்தையோடு முதல் நாள் காட்சிக்குச் செல்வது ஒரு பக்தி காரியமாகக் கருதப்படுகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான ரஜினிகாந்தின் 'கூலி'க்குத் தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் அளித்ததும், அதனைத் தயாரித்த சன் பிக்சர்ஸ் நிறுவனம் 'யு/ஏ' சான்றிதழ் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியதும், அம்மனு தள்ளுபடியானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அச்சமயத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியவில்லையே என்று அங்கலாய்த்த பெற்றோர் அநேகர்; அப்படத்தில் பிள்ளைகள் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் சொற்பம். 1983 முதல் ஒரே 'யு/ஏ'வாக இருந்து வந்த பிரிவு, சட்டத் திருத்தத்திற்குப் பின் 2024-இன் இறுதியிலிருந்து ஏழு, பதின்மூன்று, பதினாறு என்ற மூன்று வயதுப் படிகளாகப் பிரிந்திருப்பது நல்ல காரியமே. எனினும், சான்றிதழ் என்பது தீங்கின் அளவைச் சொல்லுமேயன்றிச் சுவையின் அளவைச் சொல்லாது. 'யு' முத்திரை பெற்ற படத்தில் கொட்டாவி விட்டவர்கள் ஏராளம்.

சிறுவர்களுக்காகவே தயாராகும் நிகழ்ச்சிகளிலும், பெரியவரையும் ஈர்ப்பவை, ஈர்க்காதவை என்ற பாகுபாட்டைக் காணலாம். 1969-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியபோது, தாய் அருகில் அமர்ந்து பார்த்தால் குழந்தை அதிகமாகக் கற்கும் என்ற நம்பிக்கையினால், தாயை அங்கே உட்கார வைக்கும்பொருட்டே பெரியவர்களுக்கு மட்டும் விளங்கும் கேலிகளை அதில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். இன்று அந்தச் சூத்திரத்தை மிக அழகாகக் கையாள்வது, 2018-இல் தொடங்கிய 'புளூயி' என்ற ஆஸ்திரேலியத் தொடர். பிரிஸ்பேன் நகரத்து நாய்க் குடும்பம் ஒன்றின் கதை. கதைகள் பெரும்பாலும் ஏழே நிமிஷம். இரு பெண் குட்டிகள் கண்டுபிடிக்கும் விளையாட்டுகளில் தகப்பன் நாய் மாட்டிக்கொண்டு, களைப்போடும் முழு மனத்தோடும் ஆடித் தீர்ப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அது வேடிக்கை, ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து அப்போதுதான் திரும்பி, காலணியைக் கழற்றுவதற்குள் முதுகில் ஏறிக்கொண்ட மகனைச் சுமக்கும் தகப்பனுக்கு அது சுயசரிதை. மாறாக, நிமிஷத்திற்கு நூறு நிறம் மாற்றி, ஒரே மெட்டை ஓயாமல் அலறும் சில பாட்டு வீடியோக்களைப் பெரியவர் ஒருவரால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்க்க முடியவில்லை என்றால், குழந்தைக்கு மட்டும் அது எப்படி நல்ல ஆகாரம் ஆகும்? இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, அதுவும் பெரியவர் துணையோடு என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் துணைக்கு இருப்பவருக்கும் உவப்பாக்கினாலன்றித் துணை நிலைக்காது.

கர்நாடகத்தில் குடியேறிய தமிழர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகளைச் சங்கர் நாக் 1986-இல் 'மால்குடி டேஸ்' என்று தூர்தர்ஷனுக்காக எடுத்தபோது, ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயின் வீடுகளும் தெருக்களுமே மால்குடி ஆயின. அத்தொடரில், கணக்குப் பரீட்சைக்கும் தகப்பனுக்கும் சம அளவில் அஞ்சும் சிறுவன் சுவாமியைக் கண்டு பிள்ளைகள் தம்மையே காண்கிறார்கள். கிரீஷ் கர்னாட் நடித்த அந்தக் கண்டிப்பான தகப்பனைக் கண்டு நாம், நம்முடைய தகப்பனாரையும், சற்று உற்று நோக்கினால் நம்மையும் காண்கிறோம்.

துக்கம் கலந்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாகாது என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மணிரத்னத்தின் 'அஞ்சலி' 1990-இல் வந்தது. அதன் களமே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மற்றக் குழந்தைகளைப் போலல்லாத ஒரு பெண் குழந்தையை அக்குடியிருப்புவாசிகள் முதலில் வெறுப்பதும், சிறுவர்களே பெரியவர்களுக்கு முன்னால் மனம் மாறுவதும் நம்முடைய குடியிருப்போர் சங்கங்களில் உள்ளவர்கள் ஒருமுறையேனும் பார்க்கத்தக்க விஷயம். அப்படத்துச் சிறுவர்களின் சில குறும்புகள் வயதுக்கு மீறியவை என்ற குறை உண்டு. முடிவில் குழந்தை இறந்துபோவதால் பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் காட்டக்கூடியதும் அன்று. மணிகண்டனின் 'காக்கா முட்டை'யோ இன்னும் கூர்மையானது. 2015-இல் திரையரங்கிற்கு வந்து, சிறந்த சிறுவர் படத்திற்கான தேசிய விருதையும் பெற்ற அப்படத்தில், சென்னைக் குடிசைப் பகுதியின் இரு சகோதரர்களுக்கு, தாங்கள் விளையாடிய இடத்திலேயே முளைத்துவிட்ட கடையில் ஒரு பீட்சா தின்றுவிட வேண்டும் என்பதே லட்சியம். விளம்பரத்தாளைப் பார்த்துப் பாட்டி தோசை மாவில் பீட்சா சுட்டுத் தரும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். கைப்பேசியைத் தட்டினால் அரைமணியில் பீட்சா வாசலுக்கு வந்துவிடும் இவ்வூர் வீடுகளில், சிரித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளை கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெற்றவரே. அந்தப் பதிலுக்காகவேனும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாஷை விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் இந்தி என்று வளரும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு, சுத்தமான தமிழ் வசனத்தைக் காதால் கேட்க வாய்ப்புத் தருவது பெரும்பாலும் திரைதான். ஜப்பானியரான யூகோ சாகோ முன்னின்று 1992-இல் உருவாக்கிய ராமாயணச் சித்திரப் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரைக்கு வந்தது இவ்வகையில் ஒரு நல்ல வரவு. ஆனால் கன்னடத்தை ஒதுக்கிவிடலாகாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயமாகையால், இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தம் பெற்றோரைவிட நன்றாகக் கன்னடம் அறிந்தவர்கள். காசர்கோட்டுக் கன்னடப் பள்ளி ஒன்றை மூடவிடாமல் மாணவர்கள் போராடுவதைக் கதையாக்கி ரிஷப் ஷெட்டி 2018-இல் எடுத்த படத்தை அவர்களோடு பார்த்தால், வசனத்தின் பொருளைப் பிள்ளை சொல்லிப் பெற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டிவரும். வீட்டில் அடிக்கடி நேராத இந்த முறைமாற்றத்தில் பிள்ளைக்கு உண்டாகும் பெருமிதம் அலாதியானது.

திரையரங்கிற்குப் போவதுதான் கடினமாகிவிட்டது. 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு டிக்கெட்டுக்கு ₹200 என்று உச்சவரம்பு விதிக்க, உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; நால்வர் கொண்ட குடும்பம் வாரக் கடைசியில் ஒரு மாலுக்குச் சென்று படம் பார்த்து, சோளப்பொரியும் வாங்கிக்கொண்டு திரும்புவதென்றால் மாதக் கணக்கில் ஒரு தனி வரியே எழுத வேண்டியிருக்கிறது. சிறுவர் படங்களுக்கென்றே 1955-இல் நேருவின் காலத்தில் தொடங்கிய சிறுவர் திரைப்படச் சங்கமும் 2022-இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனி இருப்பை இழந்துவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இரு சாராருக்கு. நட்சத்திரங்களின் பழைய வெற்றிப் படங்களைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டு வசூல் காணும் திரையரங்கு உரிமையாளர்கள், ஞாயிறு காலைக் காட்சிகளில் ஒன்றையேனும் 'மாயா பஜார்' போன்ற படங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். பிறந்தநாள் விழாக்களுக்கு மட்டும் திறக்கும் கிளப் ஹவுஸும் அதில் ஒரு புரொஜெக்டரும் வைத்திருக்கும் வைட்ஃபீல்டின் குடியிருப்போர் சங்கங்கள், உரிய அனுமதி பெற்று, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையேனும் ஒரு படத்தைத் திரையிட வேண்டும். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகப் பெற்றோருக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்புப் பலகையில் முதல் வரியாகவே எழுதிவிட வேண்டும்.