கலவை உப்புக்கு வழி என்ன?

நொய்யல் ஆற்றில் கலந்த சாய ஆலைக் கழிவு, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையையே கழிவுநீர்த் தேக்கமாக்கியது. கிணறு உப்பேறியதை விவசாயி நாக்கால் அறிந்தார். அதை எண்களாக்க ஆய்வகம் தேவைப்பட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இன்று பல்லடம் சாலையிலுள்ள அருள்புரம் போன்ற இடங்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டலால் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. உப்புக்கரைசலும் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால், கடைசியில் மிஞ்சும் கலவை உப்பு? பிரித்தெடுக்கச் செலவு, புதைத்தால் மண்ணுக்கு ஆபத்து. மூட்டைகளாகத் தேங்கிக் கிடக்கிறது. நொய்யலை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குக் குறைவில்லை. அந்த ஆய்வேடுகளில் எத்தனை ஆலை வாசலுக்கு வந்தன? கோவையிலும் சென்னையிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இந்த உப்பை மலிவாகப் பிரிக்கும் ஆய்வை அருள்புரத்திலேயே நடத்தட்டும். அதற்கு அரசும் ஆடை ஏற்றுமதியாளர்களும் நிதி தர வேண்டும்.