கட்டியவர்களை மறைக்கும் மர்மம்

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் குனுங் படாங் என்றொரு குன்று இருக்கிறது. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது தூண் தூணாகப் பிளந்த கற்களைக் கொண்டு, பழங்கால மக்கள் அதன் மேல் ஐந்து படித்தளங்களை அமைத்திருக்கிறார்கள். சுந்தா இன மக்களுக்கு இன்றும் அது புனிதமான இடம். 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஏன்சியன்ட் அபோகலிப்ஸ்’ தொடரின் முதல் பகுதி இந்தக் குன்றைத்தான் காட்டியது. பனியுகத்தில் முன்னேறிய நாகரிகம் ஒன்று இருந்தது. பேரழிவில் அது அழிந்தது. அதிலிருந்து தப்பியவர்கள் உலகமெங்கும் போய் மற்றவர்களுக்கு உழவையும் கட்டடக்கலையையும் கற்றுக்கொடுத்தார்கள் என்பது தொகுப்பாளர் கிரஹாம் ஹான்காக்கின் வாதம்.

அந்தப் பகுதியில் தோன்றிய நிலவியலாளரும் அவருடைய குழுவினரும் 2023 அக்டோபரில் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். குன்றுக்கு அடியில் இருப்பது மனிதர் கட்டிய பிரமிடு, அதன் ஆழமான அடுக்குகள் 16 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்றது கட்டுரை. 2024 மார்ச்சில் ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றது. காரணம் மிக எளிது. கரிமக் காலக்கணிப்புக்கு உட்பட்டது வெறும் மண். அந்த மண்ணோடு சேர்ந்து ஓர் ஓடோ, கருவியோ, அடுப்புக் கரியோ, மனிதக் கை பட்டதன் அடையாளம் எதுவுமோ கிடைக்கவில்லை. மண்ணுக்கு வயது இருக்கலாம். அந்த வயது கட்டடத்தின் வயதாகிவிடாது. கட்டுரையாளர்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் ஓர் ஆய்விதழ், தான் அச்சிட்டதில் பிழை கண்டால் ஊரறியச் சொல்லித் திருத்திக்கொள்கிறது. அந்தக் கடமை கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஒரு தளத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இத்தகைய தொடர்களை ஆவணப்படம் என்ற பெயரில் வெளியிடுவதை ஓடிடி நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்பதே நமது நிலை. அமெரிக்கத் தொல்லியல் சங்கம் 2022 நவம்பர் இறுதியிலேயே நெட்ஃபிளிக்ஸுக்குத் திறந்த மடல் எழுதி, தொடரை அறிவியல் புனைவு என்று வகை மாற்றச் சொன்னது. நிறுவனமோ 2024 அக்டோபரில் இரண்டாம் பருவத்தை வெளியிட்டது. ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸும் அதில் தோன்றினார்.

‘பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன கெட்டுப்போகிறது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போவது உழைத்தவர்களின் பெயர். எகிப்தை எடுத்துக்கொள்வோம். பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகளோடு முடிச்சுப்போடும் வழக்கத்தை 1968இல் எரிக் ஃபான் டேனிக்கனின் புத்தகம் பரப்பியது. பிறகு தொலைக்காட்சி அதைப் பிடித்துக்கொண்டது. ‘ஏன்சியன்ட் ஏலியன்ஸ்’ 2009 முதல் அதையே பருவம் பருவமாக ஓட்டுகிறது. ‘இவ்வளவு பெரிய கல்லை மனிதர் எப்படி நகர்த்தியிருக்க முடியும்?’ என்று கனத்த குரல் ஒன்று கேட்கும், இசை எழும்பும், விளம்பர இடைவேளை வந்துவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத்திலேயே இருக்கிறது. 2013இல் செங்கடல் கரையில் உள்ள வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பிரெஞ்சு அறிஞர் பியர் தாலேயின் குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவை. மெரர் என்ற மேற்பார்வையாளர், கூஃபு மன்னரின் ஆட்சி முடியும் தறுவாயில் எழுதிய வேலைக் குறிப்பேடு அவற்றில் இருந்தது. துராவின் சுரங்கத்தில் சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றியது, நைல் வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் பிரமிடு எழுந்துகொண்டிருந்த கீசாவுக்குக் கொண்டுபோனது, இடையில் எங்கே இராத் தங்கினார்கள், மறுநாள் எப்போது திரும்பினார்கள் என்று நாள்வாரியாக அதில் இருக்கிறது. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அங்காஃப் மேலதிகாரியாக இருந்தார் என்பதும் அதிலேயே இருக்கிறது. 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மேஸ்திரியின் வேலைக் கணக்கு நம் கைக்கு வந்திருக்கிறது. இதைவிட வியப்பான செய்தியை எந்த வேற்றுக்கிரகம் தந்துவிடப் போகிறது?

கீசாவில் பிரமிடுகளுக்குத் தெற்கே, அவற்றைக் கட்டியவர்களின் கல்லறைகள் 1990இல் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த எலும்புகளில் முறிந்து, கட்டுப்போட்டு, நன்றாகக் கூடிய கை கால் எலும்புகள் உண்டு. பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகள் உண்டு. ‘யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை’ என்று ஒரு படம் சொல்லும்போது, அது இந்த எலும்புகளுக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறது.

ஆப்பிரிக்காவில் இந்தப் பொய்க்கு அரசே காவல் நின்ற வரலாறு உண்டு. கிரேட் ஜிம்பாப்வேயின் கருங்கல் மதில்களைக் கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர். 1905இல் டேவிட் ராண்டல்-மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸனும் அகழ்ந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று அறிவித்தார்கள். ஆனாலும் அன்று ரொடீசியா எனப்பட்ட அந்த நாட்டின் வெள்ளையர் ஆட்சி, ஃபினீசியரோ வேறு அந்நியரோ கட்டியிருக்கலாம் என்ற கதையை விடவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இன்றைய தொடர் தயாரிப்பாளர்களுக்கு அந்த நோக்கம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் மக்களால் முடியாது, வெளியிலிருந்து யாரோ வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்ற சட்டகம் அதே பழைய சட்டகம்தான். சந்தேகம் எகிப்தியர் மீதும் மாயர் மீதும் ஜாவா மக்கள் மீதும் விழும் அளவுக்கு ஐரோப்பாவின் தேவாலயங்களைக் கட்டியவர்கள் மீது விழுவதில்லை.

தொல்லியலாளர்கள் பழைய முடிவுகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், புதிய கேள்விகளை அண்டவிடுவதில்லை என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். துருக்கியின் கோபெக்லி தெபேயை அவர்கள் சான்று காட்டுகிறார்கள். கிமு 9,500ஐ ஒட்டி வேட்டையாடி வாழ்ந்த மக்கள் செதுக்கி நிறுத்திய கல்தூண்கள், நாகரிகத்தின் வரிசையைப் பற்றிய பழைய எண்ணங்களைப் புரட்டிப்போட்டது உண்மையே. ஆனால் புரட்டியது யார்? 1960களின் ஆய்வுப் பயணத்தில் இடைக்காலக் கல்லறை என்று ஒதுக்கப்பட்ட மேட்டுக்கு 1990களில் மறுபடி போய், மண்ணை அள்ளிச் சலித்த கிளாஸ் ஷ்மிட் என்ற தொல்லியலாளர். அது கோயில் மட்டுமே, அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்ற ஷ்மிட்டின் கருத்தையும், அவருக்குப் பின் தோண்டியவர்கள் வீடுகளின் தடயங்களைக் கண்டு திருத்திக்கொண்டிருக்கிறார்கள். துறை மாறாமல் இல்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு மாறுகிறது.

உண்மையைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்பதும் சரியல்ல. அதே நெட்ஃபிளிக்ஸில் 2020இல் ‘சீக்ரெட்ஸ் ஆஃப் த சக்காரா டூம்ப்’ வெளியானது. வாஹ்தியே என்ற பூசாரியின் 4,400 ஆண்டுப் பழமையான கல்லறையை எகிப்தியக் குழு அகழ்வதே அதன் கதை. எகிப்தியர்களே அரபியில் பேசுகிறார்கள். கூலியாட்கள் கூடையில் மண் சுமக்கிறார்கள், கயிற்றில் குழிக்குள் இறங்குகிறார்கள். அந்தக் கல்லறைக்குள் கிடக்கும் எலும்புகள் யாருடையவை, குடும்பமே எப்படி இறந்தது என்ற கேள்வி கடைசிவரை நம்மை இருக்கை நுனியில் வைக்கிறது. தெரியாததைத் தெரியாது என்றே அந்தப் படம் சொல்கிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 2002இல் பிரிட்டனின் சேனல் 4இல் வந்த ஹான்காக்கின் தொடருக்காக அவர் பூம்புகார் கடலில் மூழ்கினார். தேசியக் கடலியல் நிறுவனம் 1990களில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் கண்ட குதிரை லாட வடிவ அமைப்பை, கடல்மட்டக் கணக்கை வைத்து 11 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நகரத்தோடு சேர்த்தார். அந்த வயதை நிறுவும் பானை ஓடு ஒன்றுகூட அங்கிருந்து கிடைக்கவில்லை. நமக்குப் பெருமையாக இருந்ததால் நாம் கேள்வி கேட்கவில்லை. லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் கற்பித்த லெமூரியாவைக் கண்டநகர்வுக் கொள்கை தேவையற்றதாக்கிய பின்னும், அதைக் குமரிக்கண்டமாகக் காட்டும் தமிழ்க் காணொளிகளுக்குக் குறைவில்லை. பூம்புகாரை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையைப் பற்றிப் பேச அவற்றில் ஆள் இல்லை. ஜாவாவுக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்று இருக்க முடியாது.

தடை கேட்கவில்லை, யாருடைய வாயையும் அடைக்கச் சொல்லவில்லை. ஊகத்தை ஊகம் என்ற வகையிலேயே தளங்கள் பட்டியலிட வேண்டும். குனுங் படாங் பகுதியின் தொடக்கத்தில், அதன் காலக்கணிப்பை முன்வைத்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பை நெட்ஃபிளிக்ஸ் சேர்க்க வேண்டும். தமிழ் உள்பட எந்த மொழியில் ஒலிமாற்றம் செய்தாலும் அந்த அறிவிப்பும் கூடவே வர வேண்டும். பூம்புகாரிலும் மாமல்லபுரத்திலும் படம்பிடிக்க அனுமதி கொடுக்கும் மத்திய, மாநிலத் துறைகள், அங்கே தோண்டியவர்களின் முழு அறிக்கைகளை எளிய தமிழில் இணையத்தில் இலவசமாகத் தர வேண்டும். அகழாய்வு அறிக்கைகள் வெளிவரவே பல ஆண்டுகள் ஆகும் நாட்டில், அந்த இடைவெளியில்தான் மர்மக் கடைகள் முளைக்கின்றன.