விற்பது மீனா, போட்டோவா?

ஆன்லைனில் வண்ண மீன் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. படத்தில் பார்த்த அதே மீன்தான் வீட்டுக்கு வந்தது என்று உங்களில் எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துச் சொல்வீர்கள்? சொல்ல முடியாதவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சொல்ல முடிந்தவர்களும் படிக்கலாம், காசு கேட்க மாட்டேன் :-)

ஃபைட்டர் மீனையே எடுத்துக்கொள்வோம். தாய்லாந்து 2019-ல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது. ஆண் மீன் இன்னொரு ஆணைக் கண்டால் செவுள் மூடியை விரித்து, துடுப்பு எல்லாவற்றையும் விசிறி மாதிரிப் பரப்பிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தாலும் அதே கதைதான். 'ஹாஃப்மூன்' வகையின் வால் 180 டிகிரிக்கு அரை வட்டமாக விரிவது இந்தக் கோபத்தில்தான்.

இனி படம் எடுக்கும் வித்தை. ஒடுக்கமான சின்னத் தொட்டி. பின்னால் கறுப்பு அட்டை. மேலிருந்து பளீரென்று ஒரு லைட். ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. மீன் விரியும்போது சரமாரியாகப் படம் தட்டி, அதில் ஒன்றைப் பொறுக்கி, போனிலேயே கலரைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. காசு கொடுத்தவர் வீட்டிலோ அந்த மீன் நாளின் பெரும்பகுதி வாலை மடக்கிக்கொண்டுதான் நீந்தும். அதன் இயல்பு அது. மீன் மேல் தப்பே இல்லை.

இது சின்ன வித்தை. இதைவிடப் பெரியவை இருக்கின்றன. சிவப்பு மீனுக்குச் சிவப்பு லைட், நீல மீனுக்கு நீல லைட் போட்டு எடுப்பது. இரண்டு இஞ்ச் குஞ்சை விற்க, நெற்றி புடைத்த வளர்ந்த ஃப்ளவர்ஹார்னின் படத்தைப் போடுவது. வெளிநாட்டு வளர்ப்பாளர் எடுத்த படத்தை அப்படியே சுட்டுப்போட்டு, கீழே பொடி எழுத்தில் 'மாதிரிப் படம்' என்று எழுதிவைப்பது. 'கோய்' வகை ஃபைட்டர் வளர வளர நிறமும் திட்டும் மாறக்கூடியது. அதற்கு மூன்று மாதம் முந்தைய படத்தைக் காட்டினால், சொந்தப் படமாகவே இருந்தாலும் அது பொய்தான்.

படம் மறைக்கும் இன்னொரு விஷயம் அளவு. விரல் நீளத்துக்கு அழகாக இருக்கும் ரெட்டெயில் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனும் ஒரு அடியைத் தாண்டும். படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் கூட இருக்காது. வளர்ந்த பிறகு வைக்க இடமில்லாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் சக்கர் மீன் வலையில் சிக்கி மீனவர்கள் தலையில் அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"விளம்பரம்னா அப்படித்தான் பாஸ், ஜவுளிக்கடையில லைட் போடலையா?" என்பார்கள். போடுகிறார்கள்தான். ஆனால் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? "கலர் தெரியல, கொஞ்சம் வெளியே கொண்டு வாங்க" என்று புடவையை வாசல் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளலாம். மீனை எந்த வாசலில் விரித்துப் பார்ப்பது? ஆக்சிஜன் அடைத்த கவரில் ஒரு நாள் பயணம் செய்து வந்த உயிரைத் திருப்பி அனுப்பினால், போய்ச் சேர்வது பிணமாகத்தான் இருக்கும். மாற்ற முடியாத பொருளுக்குப் படம் எத்தனை மடங்கு நேர்மையாக இருக்க வேண்டும்?

பி.காம் படிக்கிறவர்களுக்கு சரக்கு விற்பனைச் சட்டம், 1930 ஞாபகம் இருக்கும். பிரிவு 15: விவரணையைச் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும். நேரில் பார்க்காமல் வாங்கும் மீனுக்குப் படம்தானே விவரணை? 2020-ல் வந்த மின் வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும், விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. நம்மாட்கள் பதிவுக்குப் பதிவு 'நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்' என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இங்கேதான். மீன் செத்து வந்தால் பணம் திரும்ப வேண்டுமா? பார்சலை வெட்டுவதிலிருந்து கடைசி வரை ஒரே ஷாட்டில் வீடியோ வேண்டும், எடிட் செய்திருக்கக் கூடாது, கவரைப் பிரிக்காமல் மீனைக் காட்ட வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் படத்தில் இருந்த மீனுக்குப் பதில் வேறு மீன் வந்தது. கேட்டதற்கு, "வீடியோ இல்லையா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது ப்ரோ" என்று பதில். அதாவது, வாங்குகிறவன் வெட்டு ஒட்டு இல்லாத சாட்சி தர வேண்டும். விற்கிறவர் மட்டும் கலர் கூட்டிய ஒற்றைப் படம் காட்டினால் போதும். இது என்ன நியாயம்?

"பயணத்தில் மீன் வெளிறிப்போகும், அதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மிரண்ட மீன் நிறம் குறைவது உண்மை, சில நாளில் தேறிவிடும். அதனால்தான் சொல்கிறேன், அனுப்புவதற்கு முன் எடுத்த சாதாரண வீடியோ ஒன்று இருந்தால் அது முதலில் காப்பாற்றுவது விற்பவரைத்தான்.

இதில் அதிகம் அடிவாங்குவது நேர்மையான வியாபாரி. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார், 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எது நல்லது, எது ஓட்டை என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஓட்டைக்கான விலையைத்தான் தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவார். சென்னை கொளத்தூரில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த உண்மையான படம், பளபளக்கும் பொய்ப் படத்துக்குப் பக்கத்தில் சோகையாகத்தான் தெரியும். நாம் பொய்க்கு லைக் போட்டுவிட்டு, "மீன்காரங்க எல்லாம் ஃபிராடு" என்று புலம்புகிறோம்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. விற்கிற அதே மீன், சாதாரண வெள்ளை வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், எடுத்த தேதி, கண்ணாடி காட்டாமல் அது நீந்துவதும் இரை எடுப்பதும் தெரிகிற 20 நொடி வீடியோ. ஒரே ஷாட், எடிட் கிடையாது. நம்மிடம் கேட்கிற அதே நிபந்தனை! அழகுப் படமும் கூடவே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

அடுத்த முறை வாங்கும்போது பணம் அனுப்பும் முன் இதைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். தருகிற வியாபாரிக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

டிஸ்கி: யாரையும் மனதில் வைத்து எழுதியதல்ல. ஆனால் படிக்கும்போது சுருக்கென்று இருந்தால், நான் பொறுப்பல்ல.